ஓடுற வண்டியைத் தொடாதீங்க

உங்கள் வீட்டிலும் ஒருத்தர் இருப்பார். ரத்தப் பரிசோதனைக்கு வாங்க என்று கூப்பிட்டால், "டெஸ்ட் எடுக்கிறதுனாலதான்யா சுகரே வருது" என்பார். சிரிக்காதீர்கள். அவரிடம் சாட்சிகள் உண்டு. எதிர்வீட்டுக்காரர் ஜம்மென்று நடமாடிக்கொண்டிருந்தார், செக்கப்புக்குப் போனார், வந்ததிலிருந்து படுக்கைதான். அந்தக் காலத்தில் கிராமங்களில் பெரியாஸ்பத்திரியைப் பற்றியும் இதே பேச்சுதான். உள்ளே போனவன் உயிரோடு திரும்ப மாட்டான்! கடைசி மூச்சு இழுக்கும்போது வண்டி கட்டித் தூக்கிக்கொண்டு போனால் எப்படித் திரும்புவான் என்று யாரும் கேட்கவில்லை.

என் மாமனார் இந்த நியாயத்தைத் தன் காருக்கும் வைத்திருக்கிறார்.

மாமாவுக்கு வயது 71. திருமங்கலத்தில் வீடு. இடது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனவர். கிளட்ச் மிதிக்க அந்தக் கால் ஒத்துழைக்காது என்பதால் மூன்று வருஷத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் ஒரு ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார். 2013 மாடல். கம்பெனி பெயர் வேண்டாம். ஆட்டோமேட்டிக்கில் இடது காலுக்கு வேலையே கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கார்தான் அத்தையை மாதம் இரண்டு தடவை மதுரை கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருகிறது. யாரிடமும் "தம்பி, கொஞ்சம் வர்றியா" என்று கேட்டு நிற்க வேண்டாம். அந்தச் சுதந்திரத்துக்கு என்ன விலை போடுவது?

ஒரு நாள் அந்தக் காரின் பழைய பில்களைப் புரட்டினேன். முதல் சொந்தக்காரர் எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றியிருக்கிறார். கியர்பாக்ஸ் ஆயிலுக்கு ஒரு வரிகூட இல்லை. வண்டி 94,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. மாற்றிடலாமா என்று கேட்டேன்.

"ஓடுற வண்டியைத் தொடாதீங்க மாப்ளே" என்றார். சாட்சியும் தயார். அவருடைய நண்பர் ஒருவர், ரிட்டையர்டு பேங்க் மேனேஜர், இப்படித்தான் பல வருஷம் கழித்து ஆயிலை மாற்றினார். இருபதே நாள். விருதுநகர் ரோட்டில் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. கியர்பாக்ஸ் அவுட்.

இந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரெதிரே வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள். அதன் காற்றில் மற்றதும் சுற்ற ஆரம்பிக்கும். காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் அதுதான் டார்க் கன்வெர்ட்டர். ஜெர்மனியில் ஹெர்மான் ஃபாட்டிங்கர் என்ற எஞ்சினியர் 1905-ல் பேடன்ட் எடுத்தது, காருக்காக அல்ல, கப்பலுக்காக. (அது கடலே இல்லாத கப்பலூருக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.) ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பெரிய அளவில் காருக்குள் வந்தது, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஜெனரல் மோட்டார்ஸ் வைத்த ஹைட்ராமேட்டிக் மூலம்.

ஆக, இங்கே எண்ணெய் வெறும் வழவழப்புக்கு இல்லை. எஞ்சினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கடத்துவது அதுதான். கியர் மாற்றும் வால்வுகளைத் தள்ளுவதும், சூட்டைச் சுமந்து வெளியேற்றுவதும் அதுதான். உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகள் வழுக்காமலும் வெடுக்கென்று பிடிக்காமலும் பதமாகப் பிடிக்கவும் அதன் தயவு வேண்டும். இந்தப் பதத்துக்காக எழுபதுகளின் ஆரம்பம் வரை அமெரிக்காவில் திமிங்கல எண்ணெய் சேர்த்தார்கள் என்றால் நம்புவீர்களா? தடை வந்த பிறகுதான் வேறு ரசாயனத்துக்கு மாறினார்கள்.

சூடுதான் எண்ணெய்க்கு எமன். பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதி என்று ஒரு கைக்கணக்கு உண்டு. சித்திரை வெயிலில் கப்பலூர் டோல்கேட்டில் ஊர்ந்து, பிறகு மதுரைக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் வண்டியின் கதியை நினைத்துப் பாருங்கள். சில கம்பெனிகள் "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்கின்றன. யாருடைய ஆயுளுக்கு? பல பெரிய கார்களுக்குக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மன் கம்பெனி இசட்.எஃப்., 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருஷத்தில் மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவன் பேச்சைக் கேட்பதா, காரை விற்றவன் பேச்சையா?

அப்படியானால் பேங்க் மேனேஜர்? அவர் கதையும் பொய்யில்லை. தேய்ந்த கிளட்ச் தகட்டின் தூள் பழைய எண்ணெயில் மிதந்து கொஞ்சம் சொரசொரப்புக் கொடுக்கும், புது எண்ணெயில் அது போய்விடுவதால் வழுக்குகிறது என்பது மெக்கானிக்குகள் சொல்லும் ஒரு விளக்கம். படிந்து கிடந்த கசடைப் புது எண்ணெய் கிளப்பிவிட்டு வால்வுகளின் பொடித் துளைகளில் அடைத்துவிடும் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது. முக்கியமாக, மெஷின் வைத்து அழுத்தமாகக் கழுவும்போது.

கப்பலூரில் தொழிற்பேட்டை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பக்கத்தில் ஒரு மெக்கானிக். விளம்பரம் வேண்டாம் என்றுவிட்டார், அதனால் பெயர் போடவில்லை. மாமாவைச் சமாதானப்படுத்தி, "காட்டிட்டு மட்டும் வருவோம்" என்று கூட்டிப்போனேன். பேங்க் மேனேஜர் கதையை மாமா விஸ்தாரமாகச் சொன்னார். பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்ட மெக்கானிக், ஒன்றுதான் கேட்டார்.

"அவரு எதுக்குங்கய்யா ஆயில் மாத்துனாரு?"

"வண்டி கொஞ்சம் இழுவை கம்மியா இருந்துச்சாம். அதான்..."

மாமா பாதியில் நிறுத்தினார்.

"ஆயில் மாத்துனதால செத்த பொட்டிய நான் பார்த்தது கம்மிங்கய்யா. சாகப்போற பொட்டிக்கு ஆயில் மாத்துனதைத்தான் நெறையப் பார்த்திருக்கேன்."

நன்றாக ஓடும்போது யாரும் வருவதில்லை. வழுக்க ஆரம்பித்த பிறகு, நாலாயிரம் ரூபாய் ஆயிலில் சரியாகிவிடாதா என்ற நப்பாசையில் வருகிறார்கள். ஆயில் உள்ளே போகிறது, தேய்ந்த தகடு தேய்ந்ததுதான், இருபது நாளில் நிற்கிறது. பழி புது ஆயிலுக்கு.

பிறகு அவர் வண்டியைப் பார்த்தார். எஞ்சினைச் சூடாக்கி, லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை தள்ளிவிட்டு, டிப்ஸ்டிக்கை உருவி ஒரு வெள்ளைக் காகிதத்தில் சொட்டினார். புதிதில் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டியது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. முகர்ந்து பார்க்கச் சொன்னார். கருகல் வாடை இல்லை. நியூட்ரலிலிருந்து டி-க்குத் தள்ளி, பிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனித்தார். நாலு வழிச்சாலையில் ஒரு ரவுண்டு போய், ஒவ்வொரு கியர் மாறும்போதும் எஞ்சின் வீணாகச் சீறுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். சீறவில்லை.

"வழுக்கியிருந்தா?" என்றேன்.

"தொட்டிருக்க மாட்டேண்ணே. ஓடுற வரைக்கும் ஓட்டுங்க, காசு சேத்து வைங்கன்னு அனுப்பியிருப்பேன்." பெட்டியை இறக்கிப் பிரித்து வேலை பார்த்தால் லட்சத்தைத் தாண்டும். காரையே விற்றால் இரண்டரை கிடைக்கலாம்.

ஆக, மாமா சொன்ன வாசகம் ஒரு வகை வண்டிக்கு நூற்றுக்கு நூறு சரி. ஆனால் நம் வண்டி அந்த வகையா என்று தெரிந்துகொள்ள, திறந்து பார்க்கத்தான் வேண்டும். மாமா அந்தக் காகிதத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மெஷின் வச்சுக் கழுவப்படாது" என்றார். சம்மதம் என்று அர்த்தம்.

மெக்கானிக்கும் அதையேதான் சொன்னார். கீழே போல்ட்டைக் கழற்றி, தானாக வடிவதை வடியவிட்டு, அதே அளவு புதிதாக ஊற்றுவது. மொத்தம் ஏழு லிட்டரில் மூன்றுதான் இறங்கும். மிச்சம் கன்வெர்ட்டருக்குள்ளேயே நின்றுவிடும். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி. பிறகு இன்னொரு தடவை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது தடவை முடியும்போது பழைய எண்ணெய் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. பெட்டிக்கு அதிர்ச்சி இல்லாமல் பைய மாறிவிடும். ஆயில் பானைக் கழற்றியபோது உள்ளே காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய களிம்பு ஒட்டியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துக் காட்டினார். குத்துகிற மாதிரி இரும்புச் சிம்பு எதுவும் இல்லை. "இது சாதாரணத் தேய்மானம்ணே."

உங்களிடமும் கியர் மாற்ற வேண்டாத கார் இருந்தால், முதலில் அது எந்த ரகம் என்று பாருங்கள். 2014-ல் செலேரியோவோடு நம்மூருக்கு வந்த ஏ.எம்.டி. வேறு. அது சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சை நமக்குப் பதில் ஒரு இயந்திரம் மிதிக்கிறது. சி.வி.டி.க்கு ஆயிலே தனி. புத்தகத்தில் போட்டிருப்பதைத் தவிர வேறு எதையும், கடைக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும், ஊற்ற விடாதீர்கள்.

மாமா டாஷ்போர்டு டைரியில் தேதியும் கிலோமீட்டரும் குறித்து வைத்திருக்கிறார். இரண்டாவது ஊற்றலுக்கு ஆடி கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் அத்தைக்கு வலது கண்ணில் புரை எடுக்க வேண்டும். நான் வந்து ஓட்டட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு மாப்ளே, நானே கூட்டிட்டுப் போயிருவேன்" என்றார்.