ஆச்சி பேசிய இங்கிலீஷ்

ஜப்பானியர்கள் 'புக்' என்ற இங்கிலீஷ் வார்த்தையை எப்படி உச்சரிக்கிறார்கள் தெரியுமா? 'புக்கு' என்கிறார்கள்! எங்கள் சேரன்மகாதேவிப் பக்கத்திலும் அது 'புக்கு'தான். 'ஸ்கூல்' நமக்கு 'இஸ்கூலு' ஆனால், அவர்களுக்கு 'ஸுகூரு'. கடல் கடந்து இத்தனை தூரத்தில் இருக்கிறவர்களும் நம்மைப் போலவே வார்த்தையின் வாலில் ஓர் உகரத்தை ஒட்டவைத்துக்கொள்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். சிறு வயதில் இந்த உகரத்துக்காகக் கேலிக்கு ஆளாகாதவர் நம்மில் யார்?

ஒற்றுமை இதோடு நிற்கவில்லை. 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்கிறோம். ஜப்பானியர் 'வாதாஷிவா கக்கோனி இகிமாஸ்' என்கிறார்கள். 'வாதாஷிவா' என்றால் நான்; 'கக்கோனி' என்றால் பள்ளிக்கு; 'இகிமாஸ்' என்றால் போகிறேன். அதே வரிசை! நம் 'கு' வேற்றுமை உருபு நிற்கும் இடத்தில் அவர்களுடைய 'னி' நிற்கிறது. வினைச்சொல் அவர்களுக்கும் கடைசியில்தான் வரும். இந்த ஒற்றுமைகளைக் கண்டு, இரண்டு பாஷைகளும் உறவு என்றே ஸுஸுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் வாதாடினார். மொழியியல் அறிஞர்களில் பெரும்பாலோர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, ஒரு கஷ்டம் இருவருக்கும் பொது. இங்கிலீஷ்காரன் வினையை நடுவில் தூக்கி வைக்கிறான். பெயருக்கு முன்னால் 'எ' என்றும் 'தி' என்றும் குட்டி வார்த்தைகளைப் போடுகிறான். எங்கே எதைப் போடுவது என்று நமக்கும் தெரிவதில்லை, ஜப்பானியருக்கும் தெரிவதில்லை.

படிக்கிற குழந்தையின் கஷ்டத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். தான் பேசிப் பழகாத பாஷையைச் சொல்லிக் கொடுக்கிற டீச்சரின் கஷ்டத்தை யார் நினைக்கிறோம்?

அதை நினைத்த ஒருவர் ஹாரல்டு பாமர். ஜப்பானியக் கல்வி இலாகாவுக்கு ஆலோசகராக 1922-இல் தோக்கியோ போய்ச் சேர்ந்தார். மறு வருஷமே இங்கிலீஷ் கற்பிக்கும் முறையை ஆராய ஒரு நிலையம் தொடங்கினார். இலக்கணச் சூத்திரத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் காதும் வாயும் பழக வேண்டும் என்பது அவர் கட்சி. ஆசிரியர்களைக் கூட்டிவைத்து மாநாடுகள் நடத்தினார். அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தவர் ஏ. எஸ். ஹார்ன்பி. 1924-இல் ஜப்பானில் வாத்தியாராக வேலைக்கு வந்தவர். ஜப்பானிய மாணவர்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து, இரண்டு சகாக்களோடு ஓர் அகராதி தயாரித்தார். அது தோக்கியோவில் 1942-இல் வெளிவந்தது. பிறகு ஆக்ஸ்போர்டு அச்சகம் அதை எடுத்துக்கொண்டது. நம் வீட்டு அலமாரிகளில் தடியாக உட்கார்ந்திருக்கிறதே, 'அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி', அதன் பூர்வாசிரமம் இதுதான்!

இனி நம் ஊருக்கு வருவோம். பாமரும் ஹார்ன்பியும் வளர்த்த வழியின் வாரிசான 'ஸ்ட்ரக்சுரல்' முறை 1950-களில் சென்னை ராஜ்யத்துப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது. வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாக, பொருளைக் காட்டி, செய்து காட்டி, வாயால் சொல்லவைத்துக் கற்பிக்க வேண்டும். நல்ல முறைதான். ஆனால் கிராமத்துப் பள்ளிகளில் அதைச் செய்யப் போவது யார்? 1959-இல் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு ஒரு பெரிய இயக்கம் ஆரம்பமாயிற்று. ஆரம்ப வகுப்புகளில் இங்கிலீஷ் கற்பிக்கும் ஆசிரியர்கள் சுமார் 27,000 பேருக்கு மறுபயிற்சி! முதலில் சிலருக்குக் கற்பிப்பது. அவர்கள் ஜில்லாக்களுக்குப் போய்ப் பலருக்குக் கற்பிப்பது. உருளஉருளப் பெருக்கும் என்பதால் இதற்கு 'மெட்ராஸ் பனிப்பந்து' என்று பெயர் வந்தது. ஹார்ன்பி 1946-இல் லண்டனில் தொடங்கிய பத்திரிகையிலேயே 1962-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியாயிற்று.

பனிப்பந்தாம்! மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்கிற பனியைத் தவிர வேறு பனியை அறியாத நெல்லைச் சீமையில் அந்தப் பந்து எப்படி உருண்டது?

எங்கள் ஆச்சி அந்தப் பந்தில் ஒட்டிக்கொண்ட ஒரு துகள். செகண்டரி கிரேடு டீச்சர். இங்கிலீஷ் படிக்கத் தெரியும், எழுதத் தெரியும். வாயைத் திறந்து பேசியது மட்டும் கிடையாது. இரண்டு வயதுக் குழந்தையாக இருந்த என் அப்பாவை மாமியாரிடம் விட்டுவிட்டுச் சில வாரங்கள் தினமும் காலை ரயிலில் திருநெல்வேலிக்கும், அங்கிருந்து பஸ்ஸில் பாளையங்கோட்டைக்கும் போய்வந்தாள். அங்கே ஒவ்வொருவரும் மற்ற ஆசிரியர்களைக் குழந்தைகளாகப் பாவித்துப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும்.

"வீட்டுல நாலு பேரு முன்னாடியே சத்தமாப் பேசாத பொம்பள நான். அத்தன ஆம்பளைய முன்னாடி 'ஐ ஆம் கோயிங் டு த டோர்'னு சொல்லிக்கிட்டே வாசலுக்கு நடக்கணும்னா எப்படி இருக்கும், ஏட்டி?" என்று ஆச்சி என்னிடம் கேட்டிருக்கிறாள்.

முதல் நாள் பாதி வாக்கியத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அன்று மாலை ரயிலில், நாளை முதல் வரப் போவதில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாளாம். வராவிட்டால் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டும். சம்பளத்தை நம்பி வீட்டில் ஆறு ஜீவன்கள். எதிரே உட்கார்ந்திருந்த வயதான வாத்தியார் அண்ணாச்சி ஒருவர் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார்.

"டீச்சரம்மா, எனக்கும் 'எ' எங்க போடணும், 'தி' எங்க போடணும்னு இருவது வருசமாப் பிடிபடல. நாளைக்கி வாங்க. ரயில்லயே சொல்லிப் பாத்துக்கிடுவோம்."

மறுநாள் முதல் அந்த வழியில் போகிற நாலைந்து ஆசிரியர்கள் ஒரே பெட்டியில் ஏறினார்கள். 'திஸ் இஸ் எ விண்டோ. தட் இஸ் எ ரிவர்.' ஜன்னலுக்கு வெளியே தாமிரபரணிக் கரை வயல்களும் வாழைத் தோட்டங்களும் ஓடிக்கொண்டிருக்க, முறுக்கு விற்கிறவன் இவர்களை விநோதமாகப் பார்த்துவிட்டுப் போவானாம். ஒருவர் தவறினால் மற்றவர் திருத்துவார். யாரும் சிரிக்கவில்லை, சிரித்தாலும் சேர்ந்தே சிரித்தார்கள். பயிற்சி முடிந்த பிறகும் மாதம் ஒரு முறை சம்பளம் வாங்கப் போகிற நாளில் கூடி, எந்தப் பாடம் எடுபட்டது, எது எடுபடவில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஆச்சி ஓய்வு பெற்ற பிறகும் அடுக்களையில் 'ஐ ஆம் கட்டிங் எ பிரிஞ்சால்' என்று கத்தரிக்காய் நறுக்குவாள். அந்த 'எ'யை அவள் ஒருநாளும் விட்டதில்லை.

இந்தக் கதையை நான் பல தடவை அசைபோட்டுப் பார்த்திருக்கிறேன். வகுப்பறைப் பயிற்சி ஆச்சிக்கு முறையைக் கொடுத்தது. அது இல்லாமல் ரயிலில் பேச ஒன்றும் இருந்திருக்காது. தைரியத்தைக் கொடுத்தது ரயில் பெட்டி. மேலிருந்து உருண்டு வருகிற பந்து எத்தனை பெரிதானாலும், கிராமத்துப் பள்ளிக்கூட வாசலில் அதை ஏந்திக்கொள்ள நாலு கை வேண்டும். இல்லாவிட்டால் நம் வெயிலில் கரைந்துதான் போகும்.

ஜப்பானியர்களுக்கும் இதே பரீட்சை பின்னால் வந்தது. அங்கே ஆரம்பப் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் 2011-இல் அந்நிய பாஷைப் பயிற்சி கட்டாயமாயிற்று. 2020-இல் அது மதிப்பெண் போடுகிற பாடமாகவே ஆகிவிட்டது. கணக்கும் பாட்டும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த வகுப்பு ஆசிரியைகள் பலர் திடீரென்று இங்கிலீஷ் பேச வேண்டியதாயிற்று. ஆனால் அவர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. 'ஜுக்யோ கென்கியூ' என்று பெயர். ஓர் ஆசிரியை பாடம் நடத்துவாள்; சக ஆசிரியர்கள் வகுப்பிலேயே நின்று கவனிப்பார்கள். பிறகு எல்லாரும் உட்கார்ந்து, எந்த இடத்தில் குழந்தையின் முகம் மலர்ந்தது, எந்த இடத்தில் விழித்தது என்று பேசுவார்கள். எங்கள் ஆச்சியின் ரயில் பெட்டியை அவர்கள் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. திருநெல்வேலி ஜில்லாவுக்கு முனைஞ்சிப்பட்டியில் ஆசிரியர் கல்விப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் சின்ன வகுப்பு ஆசிரியர்களுக்குத் தமிழ், கணக்கோடு இங்கிலீஷுக்கும் பயிற்சி தருகிறார்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடக் குறுவள மையங்கள் இருக்கின்றன. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு டீச்சரம்மாவிடம், "பயிற்சி எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்திச்சு. ஆனா திங்கக்கெழம பிள்ளைய முன்னால நிக்கும்போது நான் ஒருத்திதானே?" என்றார்.

அந்த ஒருத்திக்குப் பக்கத்தில் இன்னொருத்தி நின்றால் போதும். அதற்குக் கட்டடம் வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம். வாரத்தில் ஒரு மணி நேரமும், சிரிக்காமல் கேட்கிற ஒரு சிநேகிதியும் வேண்டும்.

அடுத்த முறை உங்கள் குழந்தை, "எங்க டீச்சர் டிரெயினிங் போயிருக்காங்க" என்று சொன்னால், 'இதற்கு வேறு லீவா' என்று முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே. அவர் திரும்பி வந்ததும், "புதுசா என்ன டீச்சர் சொல்லிக் கொடுத்தாங்க?" என்று அன்போடு ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கிற காது ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால், பேசுகிற வாய்க்குத் தைரியம் தானாக வரும்.