யாஸ் தீவில் ஒரு பந்தல்காரர்

"முதல்ல தரையப் பாருங்க தம்பி, கூரைய அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

அரங்கின் வெற்றுத் தரை முழுக்க சாக்பீஸ் குறிகள். ஒரு பெருக்கல் குறி, அதைச் சுற்றி வட்டம், பக்கத்தில் ஓர் எண். மார்கழி வாசலில் புள்ளி மட்டும் வைத்துவிட்டுக் கோலம் போட மறந்தது போல இருந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் நேர் மேலே கூரையிலிருந்து ஒரு சங்கிலி இறங்கும். பக்கத்தில் இருக்கும் எண், அந்தச் சங்கிலி தாங்கப்போகும் கனம். விளக்குகள், ஒலிபெருக்கிகள், நான்கு பக்கத் திரைகள் எல்லாம் அந்தப் புள்ளிகளில்தான் தொங்கப்போகின்றன. நடுவில் ஓர் எண்கோணம் மட்டும் காலியாக விடப்பட்டிருந்தது. நாலு நாள் கழித்து, 2023 அக்டோபர் 21 சனிக்கிழமை இரவு, இஸ்லாம் மகாசேவும் அலெக்ஸாண்டர் வொல்கனோவ்ஸ்கியும் மோதப்போகிற இடம் அது. அபுதாபி யாஸ் தீவு, எதிஹாத் அரங்கம், யு.எஃப்.சி. 294 என்ற கூண்டுச் சண்டை நிகழ்ச்சி.

என்னை உள்ளே கூட்டிப்போனவருக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். அப்பா, தாத்தா எல்லாருமே பந்தல்காரர்கள். "பேரெல்லாம் போடாதீங்க, கம்பெனி பேரும் வேணாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். 2006-இல் கட்டட சாரம் கட்ட துபாய் வந்தவர். பிறகு மேடை, விளக்கு வேலை செய்யும் ஒரு நிறுவனத்துக்கு மாறினார். இங்கே அவர் வேலைக்கு ரிக்கர் என்று பெயர். அவர் வாயில் அது 'ரிக்கரு'. எனக்கு அவர் 'அண்ணன்'. எனக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரப் பார்வையாளர் பாஸ், ஒரு ஹெல்மெட், என் அளவுக்கு ஒன்றரை விரற்கடை பெரிதான இரும்பு முனை ஷூ.

ஊரில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கல்யாணப் பந்தல் அல்ல, கபடி கேலரி. தஞ்சை, திருவாரூர் பக்கம் கோடையில் நடக்கும் மின்னொளி கபடித் தொடர்களுக்குச் சவுக்குக் கம்பு ஊன்றி, பலகை போட்டு, படிப்படியாக உட்கார இடம் கட்டுவார். தென்னைநார்க் கயிற்றை நனைத்து வைத்துக் கட்டுவது அவர் அப்பா சொல்லிக்கொடுத்தது. ஒரு முறை அரை இறுதி ஆட்டத்தில் கேலரியின் ஒரு பக்கம் ஒரு முழம் இறங்கிவிட்டது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் மனிதர் அதை இன்னும் மறக்கவில்லை.

"ஆயிரம் பேரு உக்காந்தா அது கனமில்ல தம்பி. ரைடு போனவன் கோட்டைத் தொட்ட உடனே அம்பது பேரு ஒரே நேரத்துல குதிக்கிறான் பாருங்க, அதான் கனம்."

மேலே உத்தரங்களுக்கு நடுவே பூனை நடக்கிற அகலத்தில் ஒரு நடைபாதை. அங்கே இரண்டு நேபாளிப் பையன்கள், இடுப்பில் கொக்கி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கையில் இருக்கும் ஸ்பேனரைக்கூடக் கயிற்றால் இடுப்போடு கட்டியிருந்தார்கள். அந்த உயரத்திலிருந்து ஒரு ஸ்பேனர் விழுந்தால் கீழே நிற்பவனை ஹெல்மெட்டும் காப்பாற்றாது. "நீச்சே தேக்கோ!" என்று குரல் வந்தது. வளைகுடாவில் தமிழனும் நேபாளியும் பட்டாணியும் சேர்ந்து வேலை செய்யும் இடங்களில் எல்லாம் இந்தி இப்படித்தான் அரைகுறையாக வழங்குகிறது. கயிறு ஒன்று சுருள் பிரிந்து இறங்கியது. அண்ணன் அதன் நுனியில் சங்கிலியின் கொக்கியைக் கட்டினார். ஒரு வளையம், ஒரு சுற்று, ஓர் இழுப்பு. அவர் கை செய்ததை என் கண்ணால் பிடிக்க முடியவில்லை. மேலே இருந்தவர்கள் இழுக்க, சங்கிலி கலகலவென்று ஏறிப்போனது.

நான் நினைத்தது, மோட்டாரைக் கூரையில் மாட்டி, அது கீழேயுள்ள பாரத்தை இழுக்கும் என்று. நடப்பது தலைகீழ். சங்கிலியின் நுனிதான் உத்தரத்தில் மாட்டப்படுகிறது. மோட்டார் கீழே, அலுமினியச் சட்டத்தோடு பிணைந்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் அது தன் சங்கிலியைத் தானே விழுங்கிக்கொண்டு, சட்டத்தையும் சுமந்துகொண்டு மேலே ஏறுகிறது. விழுங்கிய சங்கிலி பக்கத்தில் தொங்கும் ஒரு துணிப்பையில் போய் விழுகிறது. பனை ஏறுபவர் மாதிரிதான்.

குறி போட்ட இடத்துக்கு நேர் மேலே உத்தரம் இல்லாவிட்டால்? இரண்டு பக்கத்து உத்தரங்களிலிருந்து இரண்டு இரும்புக் கயிறுகளை இறக்கி நடுவில் சேர்க்கிறார்கள். எந்தக் கயிறு எவ்வளவு நீளம் என்பதைக் கணக்கிட இப்போது கணினியில் வசதி இருக்கிறது. அண்ணன் அந்தத் தாளை ஒரு முறை பார்த்துவிட்டு, பிறகு அண்ணாந்து கூரையை ஒரு முறை பார்த்தார். எதை நம்பினார் என்று நான் கேட்கவில்லை.

"அந்தக் கூண்டு மட்டும் நாங்க தொட மாட்டோம். அத அவங்க ஆளுங்களே கட்டுவாங்க" என்றார். முப்பதடி அகல எண்கோணம், பிளாஸ்டிக் பூசிய கம்பி வலை, ஆளுயர வேலி, எதிரெதிரே இரண்டு கதவு. அவர் பார்வையில் அது சின்ன வேலை. நாலு ஆடு அடைக்கிற பட்டி என்றார்.

சண்டையை ஓர் ஊருக்குக் கொண்டுவருவது என்றால் வீரர்களைக் கொண்டுவருவது என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அபுதாபியின் கதையைப் பார்த்தால் முதலில் வருவது பந்தல். 2010 ஜனவரியில் அபுதாபி அரசின் ஃபிளாஷ் எண்டர்டெயின்மென்ட் நிறுவனம், அப்போது யு.எஃப்.சி.யை நடத்திவந்த ஜுஃபாவில் பத்து சதவீதப் பங்கை வாங்கியது. ஏப்ரல் 10 அன்று யு.எஃப்.சி. 112 இதே தீவில் நடந்தது, ஃபெராரி வேர்ல்டு திறக்கப்படுவதற்கும் முன்பே, அதன் வளாகத்தில். அதற்கென்று கட்டிய திறந்தவெளி அரங்கு அது. அன்று ஆண்டர்சன் சில்வா, டெமியன் மாயாவைச் சண்டைபோட விடாமல் நடனமாடியே ஐந்து சுற்றை ஓட்டிவிட்டார். கூட்டம் கூச்சல் போட்டது. யு.எஃப்.சி. தலைவர் டேனா வைட் கடுப்பாகி எழுந்தே போய்விட்டார். பந்தல் நன்றாக நின்றது, கச்சேரிதான் சொதப்பியது.

2019 செப்டம்பர் 7, யு.எஃப்.சி. 242. கபீப் நூர்மகமதோவ், டஸ்டின் போரியேவை மூன்றாவது சுற்றில் கழுத்தை நெரித்து முடித்தார். அதற்கும் தனியாக ஒரு தற்காலிக அரங்கு எழுப்பினார்கள், இந்த முறை முழுக்கக் குளிரூட்டி. ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். "ராத்திரி ஷிப்ட்தான் எல்லாம். இரும்பு அப்பவும் சுடும்" என்றார் அண்ணன். எதிஹாத் அரங்கம் என்ற நிரந்தரக் கட்டடம் 2021-இல்தான் சண்டைகளுக்குத் திறந்தது. பதினெட்டாயிரம் பேர் கொள்ளும்.

நடுவில் 2020-இன் பெருந்தொற்று. இதே யாஸ் தீவை வளைத்துக்கட்டி 'ஃபைட் ஐலண்ட்' என்று பெயரிட்டு, ஆளே இல்லாத அரங்கில் சண்டை நடத்தினார்கள். கடற்கரை மணலில் ஒரு கூண்டையும் காட்சிக்கு வைத்தார்கள். அதில் ஒரு சண்டையும் நடக்கவில்லை, படம் மட்டும் உலகம் சுற்றியது. அந்த ஜூலையில் பெரிய சண்டைகள் இங்கே ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தொடங்கின, ஏனென்றால் நியூயார்க்கில் அது சனி இரவு பத்து. பிறகு கடிகாரத்தைத் திருப்பிவிட்டார்கள். இப்போது இங்கே சனி இரவு பத்து, நியூயார்க்காரன் மதியச் சாப்பாட்டுத் தட்டோடு உட்காருகிறான். ஓர் ஊர் காசு கொடுத்து வாங்குவதில் சண்டையைவிட விலை கூடியது இந்த மணிக்கணக்குதான் என்பது என் எண்ணம்.

ரசிகர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு, அபுதாபியின் தொழிற்பேட்டைப் பகுதியான முசாஃபாவில் அண்ணனின் அறைக்குப் போனால் பாதி பதில் கிடைக்கும். ஆறு கட்டில். கீழக்கரைப் பையன் ஒருவன் தலையணைக்கு மேலே, கபீப் போடுவாரே அந்த வெள்ளைக் கம்பளித் தொப்பி ஒன்றை ஆணியில் மாட்டியிருந்தான். அபுதாபி வெயிலில் கம்பளித் தொப்பி! ஏன் கபீப் என்று கேட்டேன். "அத்தா செத்ததும் உம்மா சொல்லுக்காகச் சண்டைய விட்டார்ல, அதான்" என்றான். உண்மைதான். கபீபின் தந்தையும் பயிற்சியாளருமான அப்துல்மனாப் 2020 ஜூலையில் இறந்தார். அக்டோபர் 24 அன்று இதே தீவில் ஜஸ்டின் கேத்ஜியை வென்ற கையோடு, தாய்க்குக் கொடுத்த வாக்கு என்று சொல்லி கபீப் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டார். மகாசேவ் அதே அப்துல்மனாபிடம் பயின்றவர், ஆகவே அந்தப் பையனுக்கு அவரும் சொந்தக்காரர்தான்.

இன்னொரு பாதி பதிலை 2015-இல் துபாய் தேராவில் பார்த்திருக்கிறேன். பழைய மீன் மார்க்கெட் பக்கத்து மணல் திடல், வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு. பாகிஸ்தானியப் பஞ்சாபிகள்தான் அதிகம். வட்டமாக உட்கார்ந்துகொள்வார்கள், முன்வரிசை மணலில், பின்வரிசை நின்றபடி. பகலில் மூட்டை தூக்குகிறவர்களும் டாக்ஸி ஓட்டுகிறவர்களும் லங்கோடு கட்டிக்கொண்டு, எதிராளியின் முதுகில் ஒரு கை மண்ணைப் பூசுவார்கள், பிடி வழுக்காமல் இருக்க. முதுகு மண்ணில் பட்டால் தோல்வி, பல ஜோடிகள் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வென்றவர் வட்டத்தைச் சுற்றி வருவார். ஐந்து திர்ஹம், பத்து திர்ஹம் கையில் விழும். இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று:

"வேலிக்கு என்ன பண்ணாங்க?"

"வேலி இல்லண்ணே. ஆளுங்கதான்."

"அப்ப மோதி உள்ள விழுந்தா?"

"மடியிலதான் விழுவாங்க. தள்ளி விட்டுருவாங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். "கபடியும் அப்படித்தான் இருந்துச்சு, நாங்க கேலரி கட்டுறதுக்கு முந்தி" என்றார்.

சனிக்கிழமை எனக்குக் கடைசி வரிசை. டிக்கெட் விலை அவர் சம்பளத்தில் எத்தனை நாள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தொடக்கச் சண்டைகளில் ஒன்று அன்ஷுல் ஜூப்ளியுடையது. ரோடு டு யு.எஃப்.சி. தொடரை வென்று உள்ளே வந்த உத்தராகண்ட்காரர். எங்கள் வரிசையில் மலையாளி, தமிழன், பஞ்சாபி எல்லாரும் பத்து நிமிடத்துக்கு ஒரே ஊர்க்காரர்கள் ஆனோம். மூன்றாவது சுற்றில் மைக் பிரீடன் அவரை அடித்துச் சாய்த்தார். பக்கத்துச் சேட்டன் மலையாளத்தில் "சாரமில்ல", பரவாயில்லை என்றார், யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொரு சண்டையில் ஜானி வாக்கர் விதிமீறிய முழங்கால் இடி ஒன்று வாங்கியதும் மருத்துவர் வந்து பேசினார், சண்டை அப்படியே நின்றுவிட்டது. பின்னால் படித்தேன்: எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு வாக்கர் "பாலைவனத்தில்" என்றாராம். அந்தப் பதில் மருத்துவருக்கு எப்படிக் கேட்டதோ! வளைகுடாவில் வேலை பார்க்கும் யாரும் அதற்கு மதிப்பெண் குறைத்திருக்க மாட்டோம்.

கடைசிச் சண்டைக்கு முதலில் ஒப்பந்தமானவர் சார்லஸ் ஒலிவேரா. பயிற்சியில் அவர் புருவம் கிழிந்ததால் பதினோரு நாள் அவகாசத்தில் வொல்கனோவ்ஸ்கி வந்திருந்தார். முதல் சுற்று, மூன்று நிமிடம் ஆறு விநாடி. மகாசேவின் இடது கால் தலைக்கு உயர்ந்தது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. என் முன்னால் இருந்த மொத்தப் பேரும் ஒரே நேரத்தில் குதித்தார்கள். என் காலடியில் கான்கிரீட் அதிர்ந்தபோது எனக்குக் கபடி கேலரி ஞாபகம் வந்தது.

அண்ணன் அப்போது மேலே, நடைபாதையில் இருந்தார். மோட்டாரில் ஏதாவது கோளாறு என்றால் ஓடிப் பார்க்க ஒருவர் அங்கே காத்திருக்க வேண்டும். "மேலேருந்து பாத்தா உடம்பே தெரியாது தம்பி. ரெண்டு தலைதான். ஒரு தலை நின்னுச்சு, ஒரு தலை படுத்துருச்சு" என்றார் மறுநாள் மாலை, முசாஃபாவில் புரோட்டாவைப் பிய்த்தபடி. கூட்டம் வெளியேறி முடிப்பதற்குள்ளேயே பிரிக்கும் வேலை தொடங்கிவிட்டதாம். அவர் அறைக்குத் திரும்பியபோது ஞாயிறு வெயில் ஏறிவிட்டது.

அவ்வளவு தாமதமானது பிரிப்பதனால் இல்லை. எண்ணிக்கையால். சங்கிலியையும் இரும்புக் கயிற்றையும் இணைக்கும் வளையத்துக்கு சேக்கிள் என்று பெயர், உள்ளங்கை அளவு, அரைக் கிலோவுக்கு மேல் கனம். போன எண்ணிக்கை வந்தால்தான் பெட்டியைப் பூட்டுவார்கள். ஒன்று குறைந்தது. எங்கேயாவது உத்தரத்தின் மேல் கழற்றி வைத்து மறந்திருந்தால், பிறகு ஒரு நாள் யார் தலையிலாவது இறங்கும். இரண்டு பேர் மறுபடி மேலே ஏறி ஒவ்வொரு உத்தரமாகக் கையால் தடவிப் பார்த்தார்கள். கீழே நாற்காலிகளுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினார்கள். ஒன்றரை மணி நேரம்.

கிடைத்தது பின்வாசலில். பெட்டிகளை வண்டிக்குத் தள்ளும்போது கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க, எந்தப் புண்ணியவானோ அதை எடுத்து அண்டக் கொடுத்திருந்தான்.