78 டிகிரி என்றால் எவ்வளவு சூடு?

"சார், பிராசசர் 78 டிகிரி காட்டுது. எரிஞ்சு போயிடுமா?" பழைய கணினியை ஓவர்கிளாக் செய்து ஓட்டுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான். எந்தப் பிராசசர், எந்த மென்பொருள் அந்த எண்ணைக் காட்டியது, அறைக்குள் எவ்வளவு வெப்பம், அப்போது என்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்த நான்கும் தெரியாதவரை 78ஐ வைத்து எதுவும் சொல்ல முடியாது.

நான் அதிகம் கையாண்டது இன்டெலின் கோர் 2 குவாட் க்யூ6600. 2007 ஜனவரியில் வெளிவந்தது. 266 மெகாஹெர்ட்ஸை ஒன்பதால் பெருக்கி 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும். பயாஸில் 266ஐ 333 ஆக்கினால் அதே சில்லு 3 கிகாஹெர்ட்ஸ் ஆகிவிடும். ஜி0 என்ற பிற்காலப் பதிப்பில் வோல்டேஜைத் தொடாமலே பல சில்லுகள் இந்த வேகத்துக்கு வந்துவிடும். அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதை விட மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

இந்தத் தலைமுறைச் சில்லுகளின் உள்ளே இருக்கும் சென்சார் டிகிரியை நேராகச் சொல்வதில்லை. ஆபத்து எல்லைக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்பதை மட்டுமே சொல்கிறது. சூடு ஏற ஏற அந்தப் பாக்கி குறைந்து பூஜ்யத்தை நோக்கி வரும். எல்லை எவ்வளவு என்பதை மென்பொருள் தானாக ஒரு மதிப்பாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து பாக்கியைக் கழித்து நமக்கு டிகிரியாகக் காட்டுகிறது. மேசைக்கணினிக்கான கோர் 2 சில்லுகளில் அந்த எல்லையைச் சில்லிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. எனவே ஒரு மென்பொருள் எல்லையை 100 என்று வைத்தால் 78 காட்டும். இன்னொன்று 90 என்று வைத்தால் அதே நொடியில் 68 காட்டும். சில்லு இரண்டுக்கும் சொன்னது 22 என்ற ஒரே எண்தான். 2008இல் இன்டெல் தன் டெவலப்பர் மாநாட்டில் பல மாடல்களுக்கான இலக்கு மதிப்புகளை வெளியிட்டது; கோர் 2 டுவோ இ8400க்கு அது 100. அதே ஆண்டு இறுதியில் வந்த கோர் ஐ7 முதல் சில்லே தன் எல்லையைச் சொல்லத் தொடங்கியது. பழைய சில்லு வைத்திருப்பவர் ரியல் டெம்ப் போன்ற மென்பொருளில் எல்லைக்கு உள்ள தூரத்தைக் காட்டும் வரியைப் பார்ப்பதே நல்லது. முழுச் சுமையில் 25க்கு மேல் பாக்கி இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. 10க்குக் கீழே வந்தால் உடனே நிறுத்திவிடுவேன்.

எல்லையைத் தொட்டால் சில்லு எரிந்துவிடாது. தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். திரையில் எச்சரிக்கை எதுவும் வராது. விளையாட்டு திக்கித் திக்கி ஓடுகிறது, வீடியோ மாற்ற வழக்கத்தைவிட அதிக நேரம் ஆகிறது என்று மட்டுமே தெரியும். அதையும் மீறிச் சூடு ஏறினால் கணினி சட்டென்று அணைந்துவிடும்.

இன்டெலின் விவரப் பட்டியலில் ஜி0 க்யூ6600க்கு 71 டிகிரி என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். அது சில்லின் மேலுள்ள உலோக மூடியின் நடுவில் அளக்க வேண்டிய வெப்பம். கோர்களின் சென்சார் இருப்பது மூடிக்குக் கீழே, சூடு பிறக்கும் இடத்தில். சுமை ஏறும்போது அங்கே மூடியைவிடக் கூடுதல் சூடு இருப்பது இயல்பு. கோர் 74 காட்டுவதால் 71ஐத் தாண்டிவிட்டதாக ஆகாது.

சும்மா இருக்கும்போது காட்டும் எண்ணை நான் நம்புவதேயில்லை. சில்லைக் கருகாமல் காப்பதற்காக வைத்த சென்சார் அது. எல்லைக்கு அருகே சரியாகவும், எல்லையிலிருந்து விலக விலகப் பிழையாகவும் காட்டும். 45 நானோமீட்டர் சில்லுகள் சிலவற்றில் ஒரு கோர் நாற்பது டிகிரிச் சொச்சத்தில் ஒட்டிக்கொண்டு அதற்குக் கீழே இறங்காது. ஏஎம்டியின் ஃபெனம் 2 இதற்கு நேர்மாறாக, சும்மா இருக்கையில் அறை வெப்பத்தைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். காற்றால் குளிர்விக்கப்படும் எந்தப் பொருளும் காற்றைவிடக் குளிர முடியாது என்பதால் அந்த எண் உண்மையான டிகிரி அல்ல என்று உடனே தெரிந்துவிடும். விண்டோஸில் 40 காட்டியது பயாஸுக்குள் போனால் 50 காட்டுகிறதே என்றும் கேட்பார்கள். வேலை இல்லாத நேரத்தில் விண்டோஸ் பிராசசரை ஓய்வில் வைக்கிறது. பயாஸ் திரை பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை.

அடுத்தது அறை. 24 டிகிரி ஏசி அறையில் முழுச் சுமையில் 62 காட்டும் கணினியை எடுத்துக்கொள்வோம். அறையைவிட 38 டிகிரி ஏற்றம். கத்திரி வெயிலில் 38 டிகிரி கொதிக்கும் மாடி அறைக்கு அதே கணினியைக் கொண்டுபோனால் 76 காட்டும். கூலர் கெட்டுப்போகவில்லை, பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காயவில்லை. ஏற்றம் அதே 38தான். குளிர் நாட்டு ஆர்வலர்கள் வெளியிடும் எண்களைப் பார்த்து, நம் கூலர் மோசம் என்று முடிவு கட்டுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். குறித்து வைக்க வேண்டியது அந்த ஏற்றத்தை. ஒரு சாதாரண அறை வெப்பமானி இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

இனி, எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி. வெப்பம் எவ்வளவு என்பதைவிட, எப்படி ஏறியது, எப்படி இறங்கியது என்பதில்தான் நோயின் அடையாளம் இருக்கிறது. சில்லு மிகச் சிறியது, கணத்தில் சூடாகும். ஹீட்சிங்க் கனமான உலோகம். சூடேறச் சில நிமிடங்கள் ஆகும். கேபினட்டுக்குள் உள்ள காற்று அதற்கும் மெதுவாக மாறும். பிராசசருக்கு முழுச் சுமை கொடுக்கும் பிரைம்95 மென்பொருளில் ஸ்மால் எஃப்எஃப்டி சோதனையைத் தொடங்கியதும் முதல் இரண்டு மூன்று நொடிகளில் எண் எவ்வளவு தாவுகிறது என்று பார்க்கிறேன். அதே கணினி, அதே வோல்டேஜில் முன்பைவிட அதிகமாகத் தாவினால், சூடு மூடியிலிருந்து ஹீட்சிங்குக்குப் போகும் வழியில் தடை இருக்கிறது: பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது கூலர் சரியாக உட்கார்ந்திருக்காது. முதல் தாவல் வழக்கம்போல இருந்து, அதன்பின் கால் மணி நேரமாக எண் விடாமல் ஏறிக்கொண்டே போனால் குறை காற்றோட்டத்தில். கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி ஒரு மேசை விசிறியைத் திருப்பி வைத்தால் உறுதியாகிவிடும். ஐந்தாறு டிகிரி இறங்கினால் தூசியும் கேபினட் ஃபேனும்தான் காரணம். அசையவே இல்லை என்றால் கூலரைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

கையும் ஒரு கருவிதான். மென்பொருள் 85 காட்டும்போது ஹீட்சிங்கின் அடிப்பகுதியைத் தொட்டால் (ஃபேன் இறக்கையில் விரல் படாமல்) வெதுவெதுப்பாகக்கூட இல்லை என்றால், சூடு அங்கே வந்து சேரவேயில்லை. க்யூ6600 உட்காரும் 775 சாக்கெட்டில், பிராசசரோடு பெட்டியில் வரும் பாக்ஸ் கூலர் என்றால், பெரும்பாலும் இதற்குக் காரணம் அதை மதர்போர்டில் பிடித்துவைக்கும் நான்கு பிளாஸ்டிக் பின்கள். மேலிருந்து பார்த்தால் நான்கும் உட்கார்ந்ததுபோலவே தெரியும். மதர்போர்டை வெளியே எடுத்துப் பின்பக்கம் பார்த்தால் ஒன்று பாதிதான் நுழைந்திருக்கும். எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும். ஒவ்வொன்றும் 'டிக்' என்று சொல்ல வேண்டும்.

க்யூ6600இன் மூடிக்குக் கீழே இரண்டு தனித்தனி சில்லுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் இரண்டு கோர்கள். ஒரு ஜோடி மற்றதைவிட ஏழெட்டு டிகிரி சூடாக இருந்தால், சென்சார் பிழையா, கூலர் சாய்வா என்ற சந்தேகம் வரும். கூலரை அரைவட்டம் திருப்பிப் பொருத்துங்கள். சூடு அடுத்த ஜோடிக்கு மாறினால் கூலரின் அடிப்பரப்பு சமமாக இல்லை. மாறாவிட்டால் சென்சாரின் இயல்பு அது, விட்டுவிடலாம்.

பேஸ்ட் பற்றி ஊரெல்லாம் வாதம் நடக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. பழையதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, கொஞ்சமாக வைத்து அழுத்தினால் போதும். மூடிக்கும் சில்லுக்கும் நடுவே க்யூ6600இல் ஈயப்பற்று போல உலோகப் பற்றவைப்பு இருக்கிறது. அதைத் திறக்க முயலவே வேண்டாம். ஏஎம்டி கணினி என்றால் ஒரு எச்சரிக்கை: சிறிது நேரம் ஓட்டிப் பேஸ்ட்டை இளக்கி, கூலரை மெல்லத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளைந்துவிடும்.

வெப்பத்தின் தாய் வோல்டேஜ். பிராசசர் எரிக்கும் மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. 2.4இலிருந்து 3 கிகாஹெர்ட்ஸுக்கு 1.25 வோல்ட்டிலேயே போனால் 25 சதவீதம் கூடும். அதே 3 கிகாஹெர்ட்ஸுக்கு 1.40 வோல்ட் கொடுத்தால் 57 சதவீதம் கூடும். வேகம் ஒன்றுதான், கூடிய அளவு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது. பயாஸில் வோல்டேஜை 'ஆட்டோ'வில் விட்டால் பல மதர்போர்டுகள் தேவைக்கு மேல் தாராளமாகக் கொடுத்துவிடுகின்றன. அதைக் கையால் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் பிரைம்95ஐ ஓட்டிப் பிழை வருகிறதா என்று பார்ப்பதே சரியான வேலை. பொறுமை வேண்டும், செலவு கிடையாது.

டவர் கூலர் வாங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பாக்ஸ் கூலர் காற்றைக் கீழ்நோக்கி அடிக்கும். பிராசசரைச் சுற்றியுள்ள வோல்டேஜ் சீராக்கும் பாகங்களும் அருகிலுள்ள சிப்செட்டும் அதில் குளிரும். டவர் கூலர் பக்கவாட்டில் அடிப்பதால் பிராசசர் குளிர்ந்து, அந்தப் பாகங்கள் காற்றின்றி வெந்துபோகும். அடிப்படை மெகாஹெர்ட்ஸை ஏற்றி ஓவர்கிளாக் செய்யும் இந்தப் பழைய போர்டுகளில் சிப்செட்டுக்கும் சுமை ஏறியிருக்கும் என்பதால் ஆபத்து இரட்டிப்பு. பிராசசரின் எண்ணைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருக்கும்போது போர்டு செத்துப்போகும். க்யூ6600ஐ இன்னும் தேடிப் பிடிக்கலாம். நல்ல பழைய போர்டு கிடைப்பது கடினம்.

ஆகவே பெரிய கூலருக்குக் காசு கொடுக்கும் முன் தூசியைத் தட்டுங்கள். பாக்ஸ் கூலரில் ஃபேனைக் கழற்றிப் பாருங்கள், தூசி அதற்கு அடியில்தான் மெத்தையாகப் படிந்திருக்கும். பின்களைச் சரிபாருங்கள், பேஸ்ட்டை மாற்றுங்கள், வோல்டேஜைக் குறையுங்கள். ஒவ்வொன்றையும் செய்தபின் அறை வெப்பத்தையும் எல்லைக்கு உள்ள தூரத்தையும் ஒரு தாளில் எழுதி கேபினட்டின் உள்பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்த கோடையில் எண் ஏறினால், ஏறியது வெயிலா கணினியா என்று அந்தத் தாள் சொல்லிவிடும்.