பிள்ளையின் மட்டைக்கு எந்த ரப்பர்?

கெடா மாநிலத்தில் திகாம் பத்து, சுங்கைப் பட்டாணிப் பக்கம் பிங் பொங் ஆடத் தொடங்கும் பிள்ளைகளின் அப்பாமார் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஆக விலை கூடினது எது சார்? அதையே போட்டுக் குடுத்திடுங்க." தனக்குக் கிடைக்காதது மகளுக்குக் கிடைக்கட்டும் என்ற ஆசை அந்தக் கேள்வியில் இருக்கிறது. அந்த ஆசையை மதிப்பதால்தான் வேண்டாம் என்கிறேன்.

விலை கூடிய ரப்பர் உலக வீரர்களின் கைக்காகச் செய்யப்பட்டது. வீச்சு பழகிய கைக்கு அது பலம். பத்து வயதுப் பிள்ளை மட்டையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தாலே பந்து மேசையைத் தாண்டிப் போய்விடும். நாலு பந்து அப்படிப் போனதும் பிள்ளை பயந்து கையைச் சுருக்கிக்கொள்ளும். முழு வீச்சில் அடிக்கப் பழகவேண்டிய வயதில் பந்தைத் தொட்டு அனுப்பப் பழகிவிடும். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

ரப்பரின் வேகம் பெரும்பாலும் மேல்தாளுக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்சில் இருக்கிறது. அந்த ஸ்பாஞ்சு என்ன செய்யும் என்பதை 1952-இல் பம்பாயில் நடந்த உலகப் போட்டியில் எல்லாரும் பார்த்தார்கள். ஜப்பானின் ஹிரோஜி சாத்தோ கனத்த ஸ்பாஞ்சு ஒட்டிய மட்டையோடு வந்து பட்டத்தை வென்றார். பந்து படும் சத்தமே கேட்காததால் எதிராளிகள் திணறிப்போனார்கள். 1959-இல் விதி வந்தது: மேல்தாள், ஸ்பாஞ்சு, பசை எல்லாம் சேர்ந்து 4 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. அந்த விதி இன்றும் இருக்கிறது.

புதுப் பிள்ளைக்கு ஸ்பாஞ்சு மட்டும் 1.5 முதல் 1.8 மில்லிமீட்டர் போதும். அதிக இறுக்கமும் வேண்டாம், இரண்டு பக்கமும் ஒரே வகையாக இருக்கட்டும். யாசாக்கா மார்க் வி போன்ற பழைய ரப்பர்கள் இன்னமும் விற்பனையில் இருக்கின்றன. அடித்த அடிக்கு ஏற்ற பதிலைத் தருவதால் பிள்ளைக்குத் தன் தவறு தெரியும். போட்டிக்குப் போகும் மட்டையில் ஒரு பக்கம் கறுப்பு இருக்கவேண்டும். ரப்பரில் அனைத்துலக மேசைப்பந்துச் சங்கத்தின் முத்திரையும் வேண்டும்.

வாங்குவதைவிடப் பேணுவது முக்கியம். இதை நம் ஊரில் விளக்கிச் சொல்லத் தேவையே இருக்கக்கூடாது. வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் நின்றுவிடும் என்று, பால் வெட்டப் போகுமுன் தோட்டத்தில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு இருட்டோடு போனவர்களின் பேரப்பிள்ளைகள்தாமே இவர்கள். மட்டையின் மேல்தாளில் பெரும்பாலும் அந்தப் பால் மரத்தின் ரப்பர் கலந்திருக்கிறது. அதற்கு வெளிச்சமும் சூடும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் பகை. அவை பட்டுப் பட்டு மேல்தாள் இறுகி, வழவழப்பாகி, பந்தைப் பிடிக்கும் குணத்தை இழக்கிறது. கெடா வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் மட்டையை விட்டுவைப்பது அதன் ஆயுளைக் குறைப்பதுதான்.

ஆட்டம் முடிந்ததும் ஸ்பாஞ்சுத் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒரே பக்கமாகத் துடைத்துக் காயவிடவேண்டும். காய்ந்ததும் பிளாஸ்டிக் தாளை ஒட்டி உறையில் வைக்கலாம். சவர்க்காரமும் ஸ்பிரிட்டும் ஆகாது. விரலில் எண்ணெய்ப் பசை இருக்கும். ரப்பரைத் தடவிக்கொண்டே நிற்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே நிறுத்தவேண்டும். காற்றாடி போட்டால் பந்து விலகும் என்று அதை நிறுத்திவிட்டு ஆடும் நம் மண்டபங்களில் வியர்வையும் ஈரமும் மேல்தாளில் படிந்து பந்து வழுக்கும். அங்கே ஆட்டத்தின் நடுவிலும் துணி தேவைப்படும்.

நடுவில் வழுக்கை விழுந்ததுபோல் மினுங்கி, துடைத்த பிறகும் பந்து வழுக்கினால் ரப்பரை மாற்றும் நேரம் வந்துவிட்டது. மரச்சிம்பு பிய்ந்து வராதபடி, ஓரத்திலிருந்து மெல்ல உரிக்கவேண்டும். கரைப்பான் ஆவியாகும் பழைய பசை 2008-இல் தடைசெய்யப்பட்டது. இப்போது தண்ணீர்ப் பசைதான். அதைப் பூசி, நன்றாகக் காய்ந்து நிறம் தெளிந்த பிறகே புதிய ரப்பரை ஒட்டவேண்டும்.

இந்தத் துடைப்பும் பேணலும் அப்பாவின் வேலையல்ல, பிள்ளையின் வேலை. துடைக்கும்போது பந்து பட்ட தடம் எங்கே படிந்திருக்கிறது என்று பிள்ளை பார்க்கும். தடம் ஓரத்தில் இருந்தால் பந்தைத் தாமதமாகச் சந்திக்கிறோமோ என்று யோசிக்கும். எந்தப் பயிற்சியாளரும் சொல்லாமலே கிடைக்கும் பாடம் அது. ஆகவே அப்பாமாரிடம் நான் சொல்வது: நடுத்தர ரப்பர் வாங்குங்கள், மிச்சக் காசைப் பயிற்சிக்குக் கொடுங்கள், துடைக்கும் துணியை மகள் கையில் கொடுங்கள்.