டையின் உள்வழி

கோவைக்குத் தெற்கே, டை (உருகிய பிளாஸ்டிக்கையோ மண்ணையோ அழுத்தி வடிவாக்கும் எஃகு அச்சு) செய்து தருகிற சின்னப் பட்டறை. செய்த டையை ஓட்டிப் பார்க்க மூலையில், பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் ஒரு எக்ஸ்ட்ரூடர். ஹாப்பரில் பிவிசித் தூள். பேரலுக்குள் ஸ்க்ரூ சுற்றுகிறது. ஒயரிங் வேலைக்குச் சுவரில் அடிக்கிற கேசிங் பட்டை, டையின் வாயிலிருந்து தொளதொளவென்று வெளியே வருகிறது. வந்த வேகத்திலேயே மேல்நோக்கி வளைகிறது.

ஃபிட்டர் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உதவிக்கு நிற்கும் பையன், "தண்ணித் தொட்டியில விட்டா நேராயிருமுங்ணா" என்கிறான்.

"நேராத்தான் தெரியும் தம்பி. பின்னால சூடு பட்டா முறுக்கிக்கும்."

பட்டையின் அடிப்பலகை 2 மி.மீ. கனம். மூடி மாட்டுகிற கொக்கிகள் 1 மி.மீ. தான். சிக்கல் அங்கே இருக்கிறது. எண்ணெய் போன்ற திரவத்துக்கு இடுக்கைப் பாதியாக்கினாலே வேகம் கால்வாசியாகிவிடும். உருகிய பிளாஸ்டிக் அதைவிடவும் பிந்தும். பலகை முந்த, கொக்கி இழுபட, பிந்துகிற பக்கமே பட்டை வளைகிறது.

மெஷினை நிறுத்தியதும் டையை மளமளவென்று கழற்றுகிறார்கள். சூட்டில் தேங்கிய பிவிசி முதலில் மஞ்சளாகும், பிறகு கருகும். காந்தல் வாடை மூக்கில் ஏறும். எஃகில் கீறல் விழாதிருக்க, பித்தளைச் சுரண்டியால் வழித்தெடுக்கிறார். உள்ளே ஒரு திருப்பத்தில் மட்டும் பழுப்பாக ஒட்டியிருக்கிறது. அந்த முடுக்கில் பிளாஸ்டிக் நகராமல் நின்றிருக்கிறது. அதையும் வளைவாகத் தேய்த்துவிட வேண்டும்.

பிறகு டையைக் குப்புறப் போட்டு அரத்தை எடுக்கிறார். முன்வாயின் அளவை அவர் தொடவே இல்லை. கொக்கிக்கு வருகிற இடுக்கின் பின்பக்கத்தைத்தான் அராவுகிறார். அந்த இடத்தில் குறுகலான நேர்வழி குட்டையாகிறது. தடை குறைந்தால் கொக்கி பலகையோடு சேர்ந்து வரும். நாலு இழுப்பு, எமரித் தாள், விரல் நுனியால் ஒரு தடவல், மறுபடி நாலு இழுப்பு. கூடுதலாக அராவிவிட்டால் திரும்ப ஒட்டவைக்க முடியாது. எவ்வளவு அராவ வேண்டும் என்ற கணக்கைக் கணினி இன்று போட்டுத் தருகிறது. ஆனாலும் கடைசி அளவை முடிவு செய்கிற இந்தக் கைக்கு நாம் போதிய மரியாதை தருவதில்லை என்றே எனக்குப் படுகிறது.

அலமாரியில் சதுரக் கம்பிக்கான பழைய டை ஒன்று இருக்கிறது. அதன் வாய் சதுரமாக இல்லை. பக்கங்கள் உள்ளே குழிந்து, மூலைகள் வெளியே நீண்டிருக்கின்றன. நெருக்கடியில் நீண்டுபோன மூலக்கூறுச் சங்கிலிகள் வெளியே வந்ததும் சுருங்கப் பார்க்கும், கம்பி பருக்கும். மூலையைவிடப் பக்கத்தின் நடுவில் அதிகம் பருக்கும். சதுர வாய் வைத்தால் உப்பிய சதுரம்தான் கிடைக்கும்.

மேஜையில் அடுத்த வேலை காத்திருக்கிறது: வயர்கட் செங்கல் ஆலையிலிருந்து வந்த கனத்த டை. மண்ணின் குணமே வேறு. பிளாஸ்டிக் போல அது பருப்பதில்லை. நடுவில் கட்டியாகவே நகரும், சுவரை ஒட்டித்தான் உரசும். மூலையில் இரண்டு சுவரும் சேர்ந்து பிடிப்பதால் ஓரம் ரம்பப் பல்லாகக் கிழிகிறது. துளைக்காக உள்ளே நிற்கும் தண்டுகளைத் தாங்கும் பாலங்கள் மண்ணைப் பிளக்கின்றன. பிளந்தது ஒட்டிச் சேர, வாய்க்கு முன் போதுமான நீளம் வேண்டும். இல்லையென்றால் சுடும்போது அதே கோட்டில் விரிசல்.

பிளந்த மண்ணைச் சேர்ப்பதையே உத்தியாக மாற்றியவர், 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் இருந்த ராட்னி பேக்லி. அவருடைய டையில் பின்னால் வட்டத் துளைகள், முன்னால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய பிளவுகள். துளைவழி வந்த பீங்கான் கலவை பிளவுக்குள் பக்கவாட்டில் பரவி, பக்கத்துத் துளையின் கலவையோடு ஒட்டி, கண்ணறைகளாக வெளிவருகிறது. காரின் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் உட்பகுதி அதுதான். ஒரு சதுர அங்குலத்தில் 400 கண்ணறை என்பது சாதாரணம். சுவர் 0.2 மி.மீ.க்கும் குறைவு.

செங்கல் டையின் மூலையில் ஃபிட்டர் டார்ச் அடித்துப் பார்க்கிறார். மணல் கலந்த மண் எஃகைத் தின்றிருக்கிறது.

"இதுக்கும் பின்னாலதான் அராவணுமாங்ணா?"

"இல்ல. மூலைக்கு ஆயில் போக வழி வெட்டணும். அந்த ட்ரில்ல எடு."