ஜூரோங்கில் கேட்ட முனகல்

சிங்கப்பூரின் ஜூரோங் ஒரு காலத்தில் சதுப்பு நிலம். 1961-இல் அங்கே தொழிற்பேட்டை அமைக்கத் தொடங்கியபோது, நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் மடமை என்று சிலர் நகைத்தார்கள். இன்றோ ஆலைகள் நிறைந்த ஊர்!

பிள்ளைகளோடு ஜோகூரிலிருந்து அங்கே போனபோது, எங்கள் பழைய வேனின் பின்பக்கம் முனகியது. "பழைய வண்டிதானே" என்று இருந்துவிட்டேன்.

ஜூரோங் பட்டறைக்காரர் டிஃபரன்ஷியலின் மேல்திருகைக் கழற்றி விரலை விட்டார். எண்ணெய் தட்டுப்படவில்லை, சீல் வழியே கசிந்திருந்தது. சீலை மாற்றி, துளையின் விளிம்புவரை கியர் எண்ணெய் ஊற்றினார்.

"எண்ணெய் வற்றினால் பல்சக்கரம் சூடேறித் தேயும், ஓட்டத்திலேயே பின்சக்கரம் இறுகிவிடவும் கூடும், வாத்தியாரே" என்றார். பிள்ளைகளைப் பார்த்தேன்; உடல் நடுங்கியது.

தோட்டத்து லோரி முனகினால் சும்மா இராதீர்கள். வண்டிக்கு அடியில் எண்ணெய்க் கறை உண்டா என்று பாருங்கள்.