நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில்

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது தெருவுக்குத்தான் ஓடும் என்பது நம் முன்னோர் வாக்கு. நாயின் குணத்தைப் பழிக்க வந்த மொழி அது. குளிப்பாட்டியவர் எப்படிக் குளிப்பாட்டினார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. மூன்று ஆண்டுகளாக இரண்டு நாய்களைக் குளிப்பாட்டி வருகிற நமக்கு, அக்கேள்வியைக் கேட்கச் சிறிது உரிமை உண்டென்று நினைக்கிறோம்.

தில்லி இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் தரைத்தளத்து வீடு நமது. பின்கட்டில் ஒரு முற்றமும் ஒரு குழாயும் உண்டு. முதலில் வந்தவன் மணி. பொமரேனியன் கலப்பு, உடலெங்கும் வெள்ளைப் பஞ்சுப் பொதி. உடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் வடகிழக்குக்கு மாற்றலானபோது அவனை நம்மிடம் ஒப்படைத்துச் சென்றார். அடுத்து வந்தவன் கறுப்பன். எவரும் ஒப்படைக்கவில்லை. ஒரு டிசம்பர் மாதக் குளிரில் மாடிப்படியின் கீழ் வந்து ஒண்டியவன், நம் இல்லத்தரசி வைத்த ஒரு பிடி தயிர்சாதத்தில் நிரந்தரமானான்.

நாம் எழுத்தர் உத்தியோகம் பார்ப்பவர்கள். ஒரு சுற்றறிக்கை வந்தால் அது எல்லாருக்கும் பொது என்றே இருபது ஆண்டுகளாகப் பழகிய மனம். எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இருவருக்கும் ஒரே விதியை வகுத்தோம். குழாயடியில் சங்கிலியால் கட்டுவது. நாம் தேய்க்கும் சோப்பையே தேய்ப்பது. வாளியிலிருந்து சொம்பில் மொண்டு தலையில் ஊற்றுவது. மணிக்கு அது திருவிழா. குதித்தான், சொம்பை நக்கினான், உடம்பைச் சிலிர்த்து நம்மையும் குளிப்பாட்டினான். அடுத்து கறுப்பனைக் கட்டினோம். இரண்டாவது சொம்பைத் தூக்கிய கணத்தில் நம் வலக்கையில் அவன் பற்கள் பதிந்திருந்தன.

கடிபட்ட இடத்தைக் குழாய்நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று, தடுப்பூசிகளைத் தவணை தவறாமல் போட்டுக்கொண்டோம். ஒரு வாரம் பேனா பிடிக்க இயலவில்லை. "தெருநாயை வீட்டுக்குள் விட்டால் வேறென்ன செய்யும்? வந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்" என்றனர் அண்டை வீட்டார். நாமும் இசைந்துவிட்டோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. உடன் வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்தவர் தருமபுத்திரர். அவர் ஆண்ட இந்திரப்பிரஸ்தம் இந்தத் தில்லியே என்பர். அந்த ஊரில் குடியிருந்துகொண்டு, ஒரு கடிக்காக ஒரு நாயைக் கைவிட நாள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தடுத்தவர் நம் அன்னையார். தஞ்சைப் பக்கத்துக் கிராமத்தை விட்டு நம்மோடு வந்து தங்கியிருப்பவர். நாய்களிடம் பெரிதாகப் பிரியம் காட்டாதவர். "துளசிக்குத் தண்ணீர் ஊற்ற நான் சொம்பைத் தூக்கினாலே அது கட்டிலுக்கடியில் ஓடுகிறது. அது முரடு இல்லையப்பா, பயந்தது. முதலில் டாக்டரிடம் காட்டு" என்றார்.

கால்நடை மருத்துவர் கறுப்பனின் முதுகு ரோமத்தை விலக்கிக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கிய பழைய தழும்பு. எப்போதோ எவரோ கொதிநீரை ஊற்றியிருக்க வேண்டும் என்றார். உயரத் தூக்கிய பாத்திரம் அவனுக்கு எதை நினைவூட்டியது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

மருத்துவர் மேலும் சில சொன்னார். நாயின் தோல் நம் தோலைப் போன்றதன்று. நமது சோப்பு அதற்கு ஆகாது, நாய்க்கென்று உள்ளதையே வாங்க வேண்டும். நீர் வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது. காதில் நீர் புகுந்தால் புண்ணாகும். அஞ்சுகிற நாய் உடனே கடிப்பதில்லை. வாலை ஒடுக்கும், உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணின் வெண்மை தெரியப் பார்க்கும். அந்த ஞாயிற்றுக்கிழமையை எண்ணிப் பார்த்தோம். நான்கையும் கறுப்பன் செய்திருந்தான். நான்கு மனுக்கள் முறைப்படி நம் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒன்றையும் நாம் பிரித்துப் படிக்கவில்லை.

அன்று முதல் விதிகள் இரண்டாயின. ஒருவனது ஆரவாரம் மற்றவனைக் கலக்குவதால் நாளும் வேறாயிற்று. 1985 முதல் மைய அரசு அலுவலகங்களுக்கு வாரம் ஐந்து நாளே வேலை என்பதால், மாதத்தில் ஒரு சனிக்கிழமை கறுப்பனுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிக்கும் ஒதுக்கப்பட்டன. மணியை முதலில் பூங்காவில் ஓடவிட்டுக் களைப்பாக்க வேண்டும். நனையுமுன் சீப்பிட்டு வாரிச் சிக்கெடுக்க வேண்டும். நனைந்தபின் சிக்கு இறுகிவிடும். காதில் பஞ்சு வைத்து, விரைந்து முடித்து, அடிரோமம் வரை ஈரம் போகத் துடைக்க வேண்டும். அவனுக்குத் தேவை கண்டிப்பு.

கறுப்பனுக்குத் தேவை காலம். முதல் இரண்டு வாரம் நீரே இல்லை. காலியான முற்றத்தில் வழுக்காதிருக்கக் கோணிப்பை விரித்து, அதன்மேல் நிற்க வைத்துச் சப்பாத்தித் துண்டு கொடுத்ததோடு சரி. பிறகு ஈரத் துணியால் கால்களை மட்டும் துடைத்தோம். பிறகு முதுகு. சங்கிலி இல்லை, சொம்பும் இல்லை. அகலமான பேசின் ஒன்றைத் தரையில் வைத்து, கையால் அள்ளி அள்ளி விட்டோம். முகத்துக்கு இன்றுவரை துணிதான். டிசம்பர், ஜனவரியில் இருவருக்குமே குளியல் இல்லை. நண்பகல் வெயிலில் துடைப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

கறுப்பன் முதன்முதலாகக் கழுத்து வரை நனைய இசைந்த அன்று, அன்னையார் வாசற்படியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் எத்தனையோ குழந்தைகளைக் கால்நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டிய கை அவருடையது.

"உன் அண்ணன் காலில் போட்டதுமே தூங்கிவிடுவான். நீ சொம்பைக் கண்டாலே ஊரைக் கூட்டுவாய். உனக்கு மட்டும் கையால் அள்ளித்தான் ஊற்றுவேன். முடிக்க ஒரு நாழிகை ஆகும்" என்றார்.

நாற்பது வயதைக் கடந்த பிறகு இச்செய்தி நமக்குத் தெரிய வருகிறது. அந்த ஒரு நாழிகையை அவர் எங்கிருந்து எடுத்தார்? விடியலில் மாட்டுத் தொழுவம், அடுப்பு, பத்துப் பேருக்குச் சமையல் என்றிருந்த வீடு அது. கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. பேசினில் இருந்த நீர் ஆறுமுன் கறுப்பனைக் குளிப்பாட்டி முடித்தோம்.

குளித்த கறுப்பன் இன்றும் உடனே வாசலுக்குத்தான் ஓடுகிறான். பழமொழி பொய்க்கவில்லை. ஆனால் வெயிலில் புரண்டு, உடம்பெல்லாம் புழுதியோடு, தானாகவே நடுவீட்டுக்குத் திரும்பி வந்து படுத்துக்கொள்கிறான்.